செயலி செய்ய எந்த மொழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைபேசிச் செயலிகள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த மொழியைப் படிக்கலாம்?" என்ற கேள்விதான், மொழி என்றால் செயலி எழுதுகிற கணினி மொழி. ஆனால் கேட்டவர்களின் நிலைமை ஆளுக்கு ஆள் வேறு, அதனால் பதிலும் வேறு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேள்வியில் கைவைக்கவில்லை.

கேள்வி: அண்ணா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். ஒருவர் ஜாவா படி என்கிறார், இன்னொருவர் கோட்லின் என்கிறார், டியூஷன் சேர் ஃப்ளட்டர்தான் எதிர்காலம் என்கிறார். என்னிடம் இருப்பது மாமா தந்த பழைய லெப்டொப், 4 ஜீபீ ரேம். எதில் தொடங்கலாம்? (ஹட்டன்)

பதில்: தம்பி, மொழிக்கு முன்னால் அந்த லெப்டொப்பைப் பற்றிக் கதைப்போம். தொடங்கிய பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவதற்கு மொழி கஷ்டமாக இருப்பதைவிட மெஷின் இழுக்காததுதான் அதிகம் காரணமாகிறது. கோட்லினோ ஜாவாவோ எழுத வழக்கமாகப் பாவிப்பது அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ என்ற மென்பொருள். அதற்குக் கூகுள் கேட்கிற ஆகக் குறைந்த அளவே 8 ஜீபீ ரேம், திரைக்குள்ளேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் எமியூலேட்டரும் வேண்டுமென்றால் 16. உங்கள் 4 ஜீபீயில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்க்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், இரண்டு கிழமை அப்படி இருந்தால் ஆசையே விட்டுப்போகும்.

கையில் கொஞ்சம் காசு புரளுமானால் லெப்டொப்பை ஒரு கடையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரேம் சேர்க்க இடம் இருந்தால் 8 ஆக்குங்கள், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், பாவித்த ரேம் கிடைத்தாலும் பரவாயில்லை. எமியூலேட்டர் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் போனின் அமைப்புகளில் பில்ட் நம்பர் என்று ஒரு வரி இருக்கும், அதை 7 தடவை தட்டினால் டெவலப்பர்களுக்கான பகுதி திறக்கும், அதில் யூ.எஸ்.பி. டிபக்கிங் என்பதை இயக்கிவிட்டு கேபிளைச் செருகினால் நீங்கள் எழுதுகிற செயலி நேரே போனிலேயே ஓடும்.

காசுக்கு இப்போது வழி இல்லையென்றால் ரியாக்ட் நேட்டிவ் என்ற செயலி செய்யும் கருவியை, அதற்குத் துணையான எக்ஸ்போவோடு சேர்த்துப் பாவியுங்கள். இதில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட். லெப்டொப்பில் எழுதுவதற்கு வி.எஸ். கோட், எழுதியதை ஓட்டுவதற்கு நோட் ஜே.எஸ்., இரண்டும் போதும். போனில் எக்ஸ்போ கோ என்ற செயலியைப் போட்டு, லெப்டொப் காட்டுகிற கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்கள் செயலி போனில் வந்து நிற்கும், போனின் ஹொட்ஸ்பொட்டிலேயே இதைச் செய்யலாம். கடைசியில் நிறுவக்கூடிய கோப்பாகக் கட்டுகிற பாரமான வேலையை எக்ஸ்போவின் சேர்வரிடம் விட்டுவிடலாம், இலவசக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு, பழகுகிறவருக்கு அது போதும். முதல் தடவை டேட்டா நிறைய இழுக்கும், அதனால் இரவு டேட்டாவில் இறக்குங்கள்.

சரி, இனி மொழி. முதல் அண்ட்ரொய்ட் போன் 2008இல் வந்தபோது அதற்குச் செயலி எழுதும் மொழி ஜாவா. அதனால்தான் பழைய புத்தகங்களும் பழைய வகுப்புகளும் இன்னும் ஜாவாவிலேயே நிற்கின்றன. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் உருவாக்கிய கோட்லினைக் கூகுள் 2017இல் ஏற்றுக்கொண்டது, 2019இல் அண்ட்ரொய்டுக்கு இனிக் கோட்லின்தான் முதலில் என்றே அறிவித்துவிட்டது. இரண்டும் ஒரே வேலைத்திட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்துக் கோப்பாக இருக்கலாம், ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிடலாம். ஆகவே இன்று புதிதாகத் தொடங்குகிறவர் கோட்லினில் எழுதிப் பழகட்டும், ஜாவாவை வாசித்தால் விளங்குகிற அளவுக்குத் தெரிந்துவைத்தால் சரி.

ஃப்ளட்டரும் கூகுளுடையதுதான், 1.0 வெளிவந்தது 2018 டிசம்பரில், மொழி டார்ட். அண்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே கோட் (நிரல்) எழுதினால் போதும் என்பது அதன் பெரிய பலம். எழுதியதைச் சேமித்தவுடன் திரையில் மாற்றம் தெரிவதால் பழகவும் இலகு. ஆனால் அதிலும் அண்ட்ரொய்டுக்குக் கட்டுகிற நேரத்தில் அதே ரேம் பிரச்சினை வரும். உங்கள் சேர் சொல்வதில் பிழை இல்லை, "எதிர்காலம்" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். மைக்ரோசொஃப்டின் ஸாமரின் என்ற செயலி செய்யும் கருவியும் ஒரு காலத்தில் எதிர்காலமாகத்தான் இருந்தது, 2024 மே மாதத்தோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதில் வேலை செய்தவர்கள் தெருவில் நிற்கவில்லை, ஏனென்றால் ஒரு பட்டியலைத் திரையில் காட்டுவது, தரவைச் சேமிப்பது, வலையமைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அது எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும்.

கேள்வி: பாடசாலையில் ஐ.சீ.ரீ. பாடத்துக்குப் பைதன் படித்தோம். அதிலேயே போன் செயலி செய்ய முடியாதா? (பண்டாரவளை)

பதில்: முடியும், கிவி, பீவெயார் என்ற கருவிகள் அதற்கு உண்டு. ஆனால் செயலியின் அளவு பெருக்கும், சிக்கினால் கேட்டுத் தெளிய ஆட்களும் குறைவு. பைதனைச் சேர்வர் பக்கத்துக்கு, அதாவது போனுக்கு வெளியே இணையத்தில் ஓடுகிற பாகத்துக்கு, வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான ஜாங்கோ, ஃப்ளாஸ்க் என்ற கருவிகள் பைதனில் நன்றாக ஓடுகின்றன. போனில் ஓடுகிற பாகத்துக்குக் கோட்லின் படியுங்கள். நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு எல்லாம் பைதனில் விளங்கியவருக்குக் கோட்லின் புது உலகம் இல்லை.

கேள்வி: அம்மா கொழுந்து எடுக்கிறார். அன்றன்றைய கிலோவையும் கழித்த கிலோவையும் கொப்பியில் எழுதிவைத்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுகிறோம். சில மாதங்களில் கணக்கு இடிக்கிறது, ஆனால் கொப்பி நனைந்தோ தொலைந்தோ போய்விடுகிறது. லயத்தில் இருக்கிற எல்லாரும் பாவிக்கிற மாதிரி ஒரு செயலி செய்ய ஆசை. ஃபயர்பேஸ் படிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை. (மஸ்கெலியா, பெயரும் தோட்டமும் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். யாருக்கு, எதற்கு என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது தெரிந்துவிட்டால் கருவியைத் தெரிவு செய்வது பெரிய பாடில்லை.

ஃபயர்பேஸ் வேண்டாம். அது தரவை இணையத்தில் வைத்திருக்கும் கூகுளின் சேவை, நல்ல சேவைதான், ஆனால் உங்கள் அம்மாவின் கிலோக் கணக்கு அவருடைய போனை விட்டு வெளியே போக ஒரு தேவையும் இல்லை. பள்ளத்தில் இருக்கிற லயத்தில் சிக்னல் வருகிற மூலையைத் தேடி அலைய வைக்கிற செயலியை இரண்டாம் நாளே யாரும் திறக்கமாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்துச் சம்பளக் கணக்கை ஒரு தொழிலாளி எழுதிவைக்கிறார் என்பது சில இடங்களில் மனஸ்தாபத்தைக் கிளப்பும் விஷயம். கணக்கு திறக்கக் கேட்காத, பெயர் கேட்காத, போன் நம்பர் கேட்காத செயலியாக இருந்தால் அதில் யாருடைய விபரமும் வெளியே கசிகிற வாய்ப்பு குறைவு.

எல்லா அண்ட்ரொய்ட் போனுக்குள்ளும் எஸ்.கியூ.லைட் என்ற சிறிய தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கோட்லினில் எழுதினால் ரூம் என்ற நூலகத்தின் (ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பின்) வழியாக அதை இலகுவாகப் பாவிக்கலாம். லயத்தில் எல்லாரிடமும் அண்ட்ரொய்ட்தான் இருக்கும், ஐபோனுக்காக ஃப்ளட்டருக்குப் போகத் தேவையில்லை, கோட்லினில் செய்த செயலி அளவிலும் சிறியதாக இருக்கும். பழைய போன்களையும் மனதில் வையுங்கள், அண்ட்ரொய்ட் 7 வரைக்கும் ஓடுகிற மாதிரி ஆகக் குறைந்த பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: திகதி, காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை, கழித்த கிலோ, அன்றைக்குப் பேரா (முழுநாள் சம்பளமா) அரைப்பேரா. கழித்த கிலோவைத் தனிக் கட்டமாக வைக்க மறக்க வேண்டாம், மொத்தத்தோடு கலந்துவிட்டால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பிறகு காட்ட முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம். 18.4 கிலோ என்பதைத் தசம எண்ணாகச் சேமிக்காதீர்கள். கணினி தசமங்களை இரண்டின் அடிப்படையில் வைப்பதால் பல எண்களை அப்படியே வைக்க அதனால் முடியாது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை தரும். திரையில் கிலோவாகக் காட்டுங்கள், உள்ளே 18400 கிராம் என்று முழு எண்ணாக வையுங்கள். ரூபாயையும் அப்படியே சதமாக வையுங்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிடுகிற செயலியில் ஒரு சதம் பிசகினாலும் அலுவலகத்தில் அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள்.

ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், சம்பள வீதமும் அவ்வப்போது மாறும். இந்த எண்களை நிரலுக்குள் எழுதிப் பூட்டாமல், பாவிக்கிறவர் தானே மாற்றக்கூடிய அமைப்பாக விடுங்கள். பழைய மாதங்களின் கணக்கு பழைய வீதத்திலேயே நிற்க வேண்டும், அதனால் வீதம் எந்தத் திகதியிலிருந்து என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் நின்று பதியச் சொல்லாதீர்கள், நனைந்த விரலுக்கு டச் ஸ்கிரீன் ஒழுங்காகக் கேட்காது, நிறுவை நேரத்தில் போனை எடுக்கவும் முடியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்தபடி பதிகிற மாதிரி யோசியுங்கள். விசைப்பலகை திறக்க வேண்டாம், பெரிய இலக்கப் பட்டன்களை நீங்களே திரையில் வரையுங்கள், அண்ட்ரொய்டில் இப்போது இதற்குப் பாவிப்பது ஜெட்பேக் கொம்போஸ், நாலைந்து வரியில் ஒரு பட்டன் வந்துவிடும். மாத முடிவில் முழுப் பட்டியலும் ஒரே படமாக வந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிய வேண்டும். போன் உடைந்தால் தரவு போய்விடுமே என்று கேட்பீர்கள். போனில் பேக்கப் இயக்கப்பட்டிருந்தால் அண்ட்ரொய்டே செயலிக்கு 25 எம்பி வரை அவரவர் சொந்தக் கூகுள் கணக்கில் பிரதி எடுத்துவைக்கும், இந்தக் கணக்குக்கு அது பல வருடத்துக்குத் தாங்கும். வழக்கமாக போன் வைஃபையில் சும்மா இருக்கிற நேரத்தில் அது தானாக நடக்கும், மொபைல் டேட்டாவிலும் நடக்க வேண்டுமென்றால் அமைப்புகளில் அனுமதிக்க வேண்டும்.

முதல் பதிப்பு ஓடியதும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் நீங்கள் திருத்த வேண்டும். வேலை முடிந்தால் எழுதுங்கள், மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

கேள்வி: எல்லவில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வருகிற வெளிநாட்டவர்கள் நிறையப் பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கென்று ஒரு ஐபோன் செயலி செய்ய ஸ்விஃப்ட் படிக்கலாமா? (எல்ல)

பதில்: செயலி செய்யாதீர்கள், நண்பரே. இரண்டு இரவு தங்கிவிட்டு ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர் அதற்காக ஒரு செயலியை இறக்கமாட்டார். செலவையும் பாருங்கள். ஸ்விஃப்ட் நல்ல மொழி, அப்பிள் 2014இல் அறிமுகம் செய்தது, ஆனால் ஐபோன் செயலி கட்டுகிற எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். அதோடு அப்பிளின் கடையில் செயலியை வைத்திருக்க வருடத்துக்கு 99 டொலர், ஒவ்வொரு வருடமும்.

அதே உழைப்பில் வேகமாகத் திறக்கிற ஒரு இணையப் பக்கம் செய்யுங்கள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் போதும். அறைப் படங்கள், விலை, ஸ்டேஷனிலிருந்து வருகிற வழி, தட்டினால் உங்கள் வாட்ஸ்அப் திறக்கிற ஒரு இணைப்பு. படங்களைச் சுருக்கிப் போடுங்கள், ரயிலில் வந்துகொண்டே பார்ப்பவருக்கு சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். சேர்விஸ் வேர்க்கர் என்பதைச் சேர்த்துவிட்டால் ஒரு தடவை திறந்த பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும், வேண்டுமானால் அவர் அதைப் போனின் முகப்பில் செயலி மாதிரியே வைத்துக்கொள்ளலாம். ஐபோனோ அண்ட்ரொய்டோ வேறுபாடில்லை.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு செயலி செய்தேன். தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. வேர்டில் சரியாக இருக்கிறதே! உறுப்பினர் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டினால் அதுவும் பிழை. மொழியை மாற்ற வேண்டுமா? (பதுளை)

பதில்: மொழியில் குற்றம் இல்லை, நீங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். பாமினியில் "அம்மா" என்று நீங்கள் பார்ப்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது. பாமினி எழுத்துரு இருக்கிற கணினியில் அந்த எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கிடைக்கும், போனில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. பாமினியைச் செயலிக்குள் திணித்தும் காட்டலாம்தான், ஆனால் தேடல் வேலை செய்யாது, வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் மறுபடி குப்பையாகும், கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிற வசதியும் உளறும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) மாற்றுங்கள், மாற்றித்தருகிற பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு பெயர்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

முதல் எழுத்து விவகாரம் வேறு. யூனிகோடில் "தே" என்பது இரண்டு குறியீடுகள்: த ஒன்று, அதன் பின்னால் ஏகாரக் குறி ஒன்று. "தேவகி"யின் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தால் உங்கள் வட்டத்தில் "த" என்று நிற்கும், "பொன்னம்மா" "ப" ஆகிவிடுவார். ஜாவாவிலும் கோட்லினிலும் பிரேக்இட்டரேட்டர் என்பதைப் பாவித்து முழு எழுத்தாக வெட்ட வேண்டும், ஃப்ளட்டரில் கேரக்டர்ஸ் என்ற பொதி அதைச் செய்யும். ஸ்விஃப்டில் மட்டும் இது இயல்பாகவே சரியாக வரும். பெயர் என்பது ஒருவருக்குப் பெரிய விஷயம், திரையில் அதைக் குறைத்துக் காட்டக் கூடாது, ஆகவே இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: சொற்களை நிரலுக்குள் எழுதாமல் தமிழுக்கு ஒரு கோப்பு, சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள், பிறகு பிரிப்பது பெரும் தலையிடி. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் பட்டன் தமிழில் அடங்காமல் வெட்டுப்படும், அதனால் அகலத்தைக் கட்டிவைக்காமல் விடுங்கள்.

கேள்வி: மகள் தரம் 10 படிக்கிறாள், செயலி செய்யப் பழக வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டில் ஒரு போன் மட்டும்தான். கடன்பட்டு லெப்டொப் வாங்கிக் கொடுக்கவா? (நுவரெலியா)

பதில்: அக்கா, கடன்பட வேண்டாம், முதலில் ஒரு தவணைக் காலம் போனிலேயே பழகட்டும். கோட்லினுக்கு கோட்லின் பிளேகிரவுண்ட், டார்டுக்கு டார்ட்பேட் என்ற இலவசப் பக்கங்கள் இருக்கின்றன, போன் பிரவுசரில் திறந்து எழுதி ஓட்டிப் பார்க்கலாம். இணையப் பக்கம் செய்து பழக ஏகோட் என்ற செயலி இருக்கிறது, அதற்குக் கோட் எழுதும்போது டேட்டாவும் தேவையில்லை. பாடசாலைக் கணினி அறையிலோ பக்கத்து நெனசல (கிராமத்துக் கணினி) நிலையத்திலோ கிழமையில் ஓரிரு மணி நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் எப் இன்வென்டரைத் திறக்கலாம், ஒன்றும் நிறுவத் தேவையில்லை, வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தியே உண்மையான அண்ட்ரொய்ட் செயலி செய்யலாம். சிறு பிள்ளை விளையாட்டு என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், ஒரு செயலி எப்படி யோசிக்கிறது என்பதை அது நன்றாகவே படிப்பிக்கும்.

திரைகளைக் கொப்பியில் பென்சிலால் வரையச் சொல்லுங்கள், எந்தப் பட்டனைத் தட்டினால் எந்தத் திரை என்று அம்புக்குறி போடட்டும். வேலையில் இருப்பவர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒரு தவணை கழித்தும் ஆர்வம் குறையவில்லையென்றால் பாவித்த லெப்டொப் ஒன்று பாருங்கள், 8 ஜீபீ ரேமுக்குக் குறைந்தது வாங்க வேண்டாம்.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவே கோட் எழுதித் தருகிறது. மொழி படிப்பது வீண் வேலையா? (தலவாக்கலை)

பதில்: இல்லை. அதைப் பாவியுங்கள், நானும் தினமும் பாவிக்கிறேன். ஆனால் அது தருகிற கோட் சில நேரம் பழைய நூலகப் பதிப்புக்கு உரியதாக இருக்கும், கட்டும்போது சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும், அந்தச் செய்தியை வாசித்து எந்தக் கோப்பில் எந்த வரி என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். எழுதித்தரச் சொல்லிக் கேட்பதைவிட, நீங்கள் எழுதியதை ஏன் பிழை என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

கேள்வி: செயலி தயார். பிளே ஸ்டோரில் போட எவ்வளவு செலவு, என்ன நடைமுறை? (கொட்டகலை)

பதில்: கூகுளுக்கு ஒரே ஒரு தடவை 25 டொலர், வருடச் சந்தா இல்லை. வெளிநாட்டுக் கொடுப்பனவு செல்லுபடியாகிற வங்கி அட்டை வேண்டும், உங்கள் அட்டையில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலில் கேளுங்கள், இங்கே பலர் தடக்குப்படுவது அதில்தான். அடையாள ஆவணமும் கேட்பார்கள், பெயர் அட்டையிலும் ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் இன்னொரு படி உண்டு: குறைந்தது 12 பேர் உங்கள் செயலியின் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பாவித்துப் பார்ப்பதில்) சேர்ந்து 14 நாள் தொடர்ந்து அதில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எல்லாருக்குமாக வெளியிட விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். 12 பேரை மட்டும் சேர்த்துவிட்டு நம்பி இருக்காதீர்கள், நடுவில் ஒருவர் விலகிவிட்டால் 14 நாள் கணக்கு குழம்பும், நாலைந்து பேரைக் கூடுதலாகவே சேருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் போனில் பாவிக்கிற அதே கூகுள் மின்னஞ்சலைத் தர வேண்டும். கடையில் போன் வாங்கும்போது யாரோ திறந்து கொடுத்த கணக்கு நம்மவர் பலரிடம் இருக்கும், முகவரி தெரியாது, அதனால் வீட்டுக்கே போய் போனின் அமைப்புகளில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.